குடிநீர் என்றால் மருந்து

பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் நீளும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. 2010-இல் அங்கே ஓர் ஆலை திறக்கப்பட்டது. ஊர் காட்டுப்பள்ளி என்றாலும் ஆலைக்கு மீஞ்சூர்ப் பெயரே நிலைத்தது: மீஞ்சூர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடன் அது அமைக்கப்பட்டது. அந்தப் பெயரிலுள்ள ‘குடிநீர்’ சித்த மருத்துவ நூல்களில் வேறொன்றைக் குறிக்கும். அது அடுப்பில் சுண்டக் காய்ச்சி வடித்த மருந்து.

சித்த மருத்துவம் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. சுரசம், சாறு என்று தொடங்கும் வரிசையில் மூன்றாவது குடிநீர். அதன் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். பற்பமும் செந்தூரமும் ஆண்டுக்கணக்கில் இருக்கும். வைத்தியர் செய்து சிமிழில் கொடுத்துவிடலாம். குடிநீரை அப்படிக் கொடுக்க முடியாது. அவ்வப்போது காய்ச்சியாக வேண்டும் என்பதால் அது வீட்டு அடுப்புக்கு வந்தது. இத்தனை மருந்துகளில் சமையல் தெரிந்த எவரும் செய்யக்கூடியதாக இது நிலைத்ததற்கு இந்தக் குறுகிய ஆயுளும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

செய்முறை எளிது. சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, நீர் சேர்த்து, சிறுதீயில் வற்றவிட்டு வடிகட்டுவார்கள். எட்டொன்றாகவா நாலொன்றாகவா என்பதை மருந்து முடிவு செய்யும். மாவாக அரைத்தால் கலங்கும், வடிக்க வராது; ‘ஒன்றிரண்டாக’ என்ற சொல்லின் அருமை அப்போது விளங்கும்.

வீட்டில் இதன் பெயர் கசாயம். வடமொழி ‘கஷாய’த்துக்குத் துவர்ப்புச் சுவை என்றும், செம்பழுப்பு நிறம் என்றும் பொருள் உண்டு. காவி உடையைக் காஷாயம் என்பதும் இதனால்தான். தமிழின் ‘துவர்’ இதே இரு பொருளையும் தாங்குகிறது: நாவில் துவர்ப்பு, துறவியின் உடம்பில் துவராடை. மரப்பட்டையையும் கடுக்காயையும் கொதிக்கவைத்த நீர் வாய்க்குத் துவர்க்கும், துணிக்குக் கறையேற்றும். பழைய மருத்துவச் சுவடிகளில் ‘கியாழம்’ என்றும் வரும். இன்று அது பேச்சில் இல்லை.

சீனர்கள் மூலிகைக் கசாயத்தைத் ‘தாங்’ என்கிறார்கள். சூப்புக்கும் அதே சொல். மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த சாங் சோங்சிங்கின் பெயரால் வழங்கும் நூலில் ‘குய்சி தாங்’ உள்ளது. லவங்கப்பட்டை இன மரத்தின் சுள்ளி, பியோனி வேர், இஞ்சி, அதிமதுரம், சீன இலந்தைப்பழம் ஆகியவற்றை ஏழு படி நீரில் போட்டு, மெல்லிய தீயில் மூன்று படியாக்கச் சொல்கிறது அது. அங்கே காய்ச்சுவது மண்பாண்டத்தில்தான், இரும்புச் சட்டி ஆகாது. இஞ்சியும் அதிமதுரமும் நம் அஞ்சறைப்பெட்டிக்கும் நாட்டு மருந்துக்கடைக்கும் அந்நியமல்ல. வடமொழி சுவையையும் நிறத்தையும் கண்டு பெயரிட்டது, சீனம் சமையலறையை, தமிழ் குடிக்கும் செயலை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்தத் தமிழ்ப் பெயர் இன்னும் உயிரோடிருக்கிறது. தடிமன் பிடித்தால் கொத்தமல்லிக் குடிநீர் அவிப்பார்கள். அங்கே யாரும் அதைத் தாகத்துக்கான தண்ணீராக எடுத்துக்கொள்வதில்லை. சென்னைப் பக்கம் 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பெயர் தெருத்தெருவாகப் போனது. லாரியிலும் ரசீதிலும் அந்தச் சொல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மருந்துப் பொருள் மங்கிப்போனது இயல்பே.

அந்தப் பொருளைத் திரும்ப அழைத்து வந்தவை காய்ச்சல்கள். 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை முன்னிறுத்தியது. 2020-இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீர் வந்தது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். கபசுரத்தில் பதினைந்து.

அரசின் டாம்ப்கால் நிறுவனம் விற்கும் பொட்டலத்தில் ‘நிலவேம்புக் குடிநீர் சூரணம்’ என்றிருக்கும். அந்தக் கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். கடையில் கிடைப்பது சூரணம், அதாவது இடித்த பொடி மட்டுமே. வீட்டில் நீர்விட்டுக் காய்ச்சி வடித்த பிறகே அது குடிநீர். காலையில் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி மாலைவரை வைத்திருந்தால், நூல் சொல்லும் ஒரு சாமம் எப்போதோ கடந்திருக்கும்.