ஏர்பேக்கின் கதை: உள்ளே இருப்பது காற்று அல்ல

ஹாரன் அடிக்கவில்லை என்றால் ஸ்டீயரிங்கின் நடு மூடியைக் கழற்றிப் பார்ப்பது அந்தக் காலத்துக் கார்க்காரர்களின் வழக்கம். இன்று அந்த மூடிக்குப் பின்னால்தான் ஏர்பேக் உட்கார்ந்திருக்கிறது. அதன் வரலாறு தெரிந்தால், அங்கே ஏன் கை வைக்கக் கூடாது என்பதும் விளங்கும்.

1952-ல் அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் குடும்பத்துடன் காரில் போனபோது வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. அந்தக் கணத்தில் கணவன், மனைவி இருவர் கைகளும் மகளைத் தடுத்துப் பிடிக்க நீண்டன. அந்தக் கைகளின் வேலையை ஒரு பை செய்யக் கூடாதா என்று யோசித்தவர், 1953-ல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் வால்டர் லிண்டரரும் அதே காலத்தில் காப்புரிமை வாங்கினார்.

இருவரும் நம்பியது அழுத்தி அடைத்த காற்றை. ஆனால் மோதலின்போது பை விரியக் கிடைக்கும் நேரம், ஒரு விநாடியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். காற்றால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எனவே ரசாயனத்தைக் கொளுத்தி, நொடிக்குள் வாயு உண்டாக்கும் முறை வந்தது. 1981-ல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் கார்களில் இது இடம்பெற்றது. பல ஆண்டுகள் பயன்பட்ட சோடியம் அசைடு நச்சுப் பொருள்.

பிறகு ஜப்பானின் டகாட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் தாக்கியதில் அது கெட்டது. பை விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறி உயிர்களைப் பறித்தது. கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-ல் டகாட்டா திவாலானது.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். ஆகவே நம் பார்க்கிங்கில் நிற்கும் பல கார்களில் இந்த மருந்து இருக்கிறது.

“பேட்டரியைக் கழற்றிவிட்டால் போதுமே” என்று சிலர் கேட்கலாம். விபத்தில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகவே கெப்பாசிட்டரில் மின்சாரம் சேமிக்கப்படுகிறது. கழற்றிய பிறகும் அது சில நிமிடங்கள் தங்கும். மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதும் ஆபத்து; அதிலிருந்து வரும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யலாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது இரண்டே. ஒன்று, ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போவது. இரண்டு, சேசிஸ் எண்ணைக் கொடுத்து நம் கார் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று கேட்பது. ஸ்க்ரூ டிரைவருக்கு இங்கே வேலை இல்லை.