திருவனந்தபுரத்தில் நின்ற எஃப்-35பி: ராணுவக் கொள்முதலில் பொதுத் தரநிலைகள் எதற்கு?

திருவனந்தபுரம்: பிரிட்டன் கடற்படையின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்ட எஃப்-35பி போர் விமானம், மோசமான வானிலையால் கப்பலுக்குத் திரும்ப இயலாமல், 2025 ஜூன் 14 இரவு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. இந்திய விமானப்படையின் ஒருங்கிணைந்த வான் கட்டுப்பாட்டு அமைப்பு அதனை அடையாளம் கண்டு, தரையிறங்க அனுமதி அளித்தது.

எரிபொருளில் சிக்கல் எழவில்லை. பயணிகள் விமானங்களுக்கான ஜெட் ஏ-1 எரிபொருளின் தர வரையறை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. நேட்டோ ராணுவங்களின் ஜேபி-8 என்பதும் அதே எரிபொருளில் சில சேர்மானங்கள் கலந்ததே. ஆனால், ஹைட்ராலிக் கோளாறு தெரியவந்ததும் நிலைமை மாறியது. உரிய கருவிகளுடன் பொறியாளர் குழு ஜூலை 6 அன்று பிரிட்டனிலிருந்து வந்த பிறகே பழுது நீங்கியது. ஜூலை 22 வரை விமானம் இங்கேயே நின்றது. கேரள சுற்றுலாத் துறை அதையே விளம்பரமாக்கிக் கொண்டது தனிக்கதை. ரகசியத் தொழில்நுட்பம் கொண்ட விமானம் என்பதால் அயலார் கைவைக்க முடியாது என்பதும் உண்மை. ஆயினும், பொதுத் தரநிலை உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த 38 நாட்கள் தெளிவாகக் காட்டின.

நேட்டோ இதனை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: இணைந்து இயங்குதல், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்துதல், ஒரே பொருளையே அனைவரும் வைத்திருத்தல். இந்தியாவில் இப்பணியைப் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் 1962இல் அமைக்கப்பட்ட தரப்படுத்தல் இயக்குநரகம் கவனிக்கிறது. மின்னணுக் கருவிகளின் சுற்றுச்சூழல் தாங்குதிறனைச் சோதிக்கும் ஜேஎஸ்எஸ் 55555, முப்படைகளுக்குமான கூட்டுத் தரநிலைகளில் ஒன்று. ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் வழங்கப்படும் 13 இலக்கக் குறியீட்டில் இந்தியாவின் எண் 72.

பெயர் ஒன்றாயிருந்தால் போதாது. தரைப்படையின் சிக் 716, ஏகே-203 ஆகிய துப்பாக்கிகள் இரண்டும் 7.62 மி.மீ. வகையே. எனினும் முன்னதன் தோட்டா 51 மி.மீ. உறையும், பின்னதன் தோட்டா 39 மி.மீ. உறையும் கொண்டவை. போர்முனையில் ஒன்றின் தோட்டா மற்றதற்கு உதவாது. இன்சாஸ் துப்பாக்கிக்கோ 5.56 மி.மீ. தோட்டா தேவை.

அடையாளம் காண்பதில் நேரும் பிழையின் விலை இதனினும் கடுமையானது. 2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகர் அருகே பட்காமில், இந்திய ஏவுகணையே இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேரும், தரையிலிருந்த பொதுமகன் ஒருவரும் உயிரிழந்தனர். அது பெரும் தவறு என அதே ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியா ஒப்புக்கொண்டார்.

தகவல் தொடர்பிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு நிறுவனத்தின் ரேடியோவுக்கென எழுதப்பட்ட மென்பொருள் மற்றொன்றில் இயங்காவிட்டால், இரு படைப்பிரிவுகள் அருகருகே நின்றாலும் பேசிக்கொள்ள இயலாது. இதற்காக டிஆர்டிஓ, ஒருங்கிணைந்த பாதுகாப்புப் படை அலுவலகம், முப்படைகள் ஆகியவை இணைந்து உருவாக்கிய ‘இந்திய ரேடியோ மென்பொருள் கட்டமைப்பு’ தரநிலையின் முதல் பதிப்பு, 2025 அக்டோபர் 6 அன்று புதுடெல்லியில் வெளியிடப்பட்டது. இனி வரும் ஒப்பந்தப்புள்ளிகளில் இது கட்டாய நிபந்தனையாக இடம்பெறுமா என்பதையே உற்பத்தி நிறுவனங்கள் கவனிக்க வேண்டியுள்ளது.