ரெய்டு வந்தால் செல்போனைத் திறந்து காட்டியே ஆகணுமா? சட்டம் சொல்வது என்ன?

2020 பிப்ரவரி 5. நெய்வேலி என்எல்சி சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பில் இருந்த நடிகர் விஜய்யை வருமான வரித்துறையினர் சென்னைக்கு அழைத்து வந்து விசாரித்தது ஞாபகம் இருக்கும். இப்படிச் சோதனை வந்தால், கையில் இருக்கும் செல்போன் யார் வசம்?

வாட்ஸ்அப்பில்தான் என்கிரிப்ஷன் இருக்கே என்பீர்கள். அந்தப் பூட்டு, மெசேஜ் போய்ச் சேரும் வழிக்கு மட்டும்தான். போனைத் திறந்துவிட்டால் எல்லாமே படிக்கக் கிடைக்கும். அதனால்தான் பாஸ்வேர்டு கேட்கிறார்கள்.

1961 வருமான வரிச் சட்டத்தின் 132-வது பிரிவுப்படி, சோதனைக்கு கோர்ட் வாரண்ட் தேவையில்லை. வருமானத்தை மறைத்ததாக நம்பக் காரணம் இருந்தால், உயரதிகாரியின் உத்தரவே போதும். மின்னணுக் கணக்குகளைப் பார்க்க வசதி செய்து தராவிட்டால் 2 ஆண்டு வரை சிறை.

2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாகக் கொண்ட புதிய சட்டத்தின் 247-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே. பாஸ்வேர்டு கிடைக்கலைன்னா, அதை மீறியே இமெயில், சமூக வலைதளம், கிளவுட் கணக்குகளுக்குள் நுழையலாம். சோதனையின்போது மட்டும்தான் இந்த அதிகாரம். சும்மா ரிட்டர்ன் தாக்கல் செய்பவர் பயப்பட வேண்டாம் என்கிறது வரித்துறை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவையான அளவைத் தாண்டவும் கூடாது. சிக்கலே இந்த அளவில்தான். கணக்கைத் தேடித் திறக்கும் போனில் குடும்ப போட்டோவும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் சேர்ந்தேதான் இருக்கும்.

சோதனைக்கான காரணத்தை சம்பந்தப்பட்டவரிடம் சொல்ல வேண்டியதில்லை என 2017-ல் சட்டமும் திருத்தப்பட்டது. ரிட் மனு போட்டால், அந்தக் காரணத்தை உயர் நீதிமன்றம் வாங்கிப் பார்க்கலாம்.