சூலும் சோகையும்: மகப்பேற்று மருத்துவ ஆராய்ச்சியில் சென்னையின் பங்கு

சங்க நூல்களைப் பயில்வோர் வயா என்னும் சொல்லை நன்கறிவர். சூலுற்ற மகளிர்க்கு ஒரு பொருளின்மேல் எழும் மிகுந்த விருப்பத்தை அது குறிக்கும். தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லுக்குப் பொருள் கூறினார்; ஈன்றணிமையைக் குறிக்கும் புனிறு என்னும் சொல்லுக்கும் அவ்வியலிலேயே பொருள் கூறினார். காஞ்சியின் பழம்பெயர்களுள் ஒன்றைத் தம் பெயரோடு தாங்கிய கச்சிப்பேட்டு நன்னாகையார், குறுந்தொகை 287ஆம் பாட்டில், நீரைச் சுமந்து வானில் ஏறமாட்டாது மலைநோக்கிச் செல்லும் கார்முகிலுக்கு, நடக்கவியலாது தளர்ந்து பசும்புளியை விரும்பும் நிறைசூல் மகளிரை உவமை கூறினார். அப்பாட்டில் சூல் சுமக்கும் காலம் பன்னிரண்டு திங்கள் எனக் கொள்ளுமாறு எண்ணப்படுகிறது. மருத்துவர் இக்கணக்கை ஏற்கமாட்டார். புலவர்க்கோ அது பெருமழையின் பளுவை உணர்த்தும் எண். அது நிற்க.

புறநானூற்று 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடுங்கால், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ணுதல் இல்லை, வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றி அதனை உண்பார் பிறர் இலர் என்னும் கருத்தமையப் பாடினார். இதனைப் பாடம் சொல்லுங்கால் மண் உண்ணுதல் என்பதன் இருபொருள் நயத்தை விளக்குவதோடு நாம் அமைந்துவிடுகிறோம். சூலுற்ற பெண் உண்மையில் ஏன் மண்ணை உண்கிறாள் என்னும் வினா வகுப்பில் எழுவதில்லை. இவ்வழக்கம் உலகின் பல நாடுகளிலும் காணப்படுவது. குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது என்பது மருத்துவர் கண்ட உண்மை. சோகையால் மண்வேட்கை தோன்றுகிறதா, மண் உண்பதால் சோகை தோன்றுகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமித்திலர். எவ்வாறாயினும், புலவர் வியந்து பாடிய அவ்வேட்கைக்குப் பின்னால் ஒரு நோய் மறைந்திருத்தல் கூடும்.

அந்நோயின் ஆராய்ச்சி வரலாற்றில் ஒரு பகுதியை, சென்னையோடு தொடர்புடைய அளவில், ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம். இவ்வாராய்ச்சி ஏழை மகளிர் உண்ட உணவை ஆராய்ந்ததனால்தான் வழி திறந்தது என்பது எம் கருத்து.

சித்த மருத்துவ நூல்கள் பாண்டு, சோகை என்னும் பெயர்களால் வெளுப்பு நோய்களைக் கூறும். அவற்றுக்கு அயச்செந்தூரம் முதலிய இரும்பு மருந்துகளும் கரிசலாங்கண்ணியும் வழங்கப்பட்டன. இரும்புக் குறையால் வரும் சோகைக்கு இரும்பு தருதல் பொருந்தும். ஆயின், சூல்காலத்தில் தோன்றும் மற்றொரு கொடிய சோகை உண்டு. அதில் செவ்வணுக்கள் தொகையில் குறைந்து, அளவில் பருத்துக் காணப்படும். அதற்கு இரும்பு பயன்படாது. தாய் இறத்தலும், சேய் குறைமாதத்தில் பிறந்து இறத்தலும் நேரும். 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்போர் பருவணுச் சோகையுள் ஒரு வகையைக் கல்லீரல் உணவால் தணிக்கலாம் எனக் காட்டினர். சூல்காலச் சோகையும் அதுவோ, வேறோ என்பது அப்போது தெளிவாகவில்லை.

இந்நிலையில் 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார். இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் நடத்திய மகப்பேற்று இறப்பு ஆய்வுக்கு அவரை அழைத்தவர் டாக்டர் மார்கரெட் பால்ஃபர். (சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் பெண்கள் சேர்வதற்குத் துணைநின்ற எட்வர்ட் பால்ஃபர் வேறொருவர், பெயரொப்புமையால் மயங்கற்க.) 1911இல் தோன்றிய அக்கழகமே 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் மாறியது.

வில்ஸ் பம்பாயில் முதற்கண் செய்தது, நோயுற்ற மகளிரின் குருதியோடு அவர்தம் உணவையும் ஆராய்ந்தமை. வகுப்புக்கு வகுப்பு உணவு வேறுபடுவதையும், மிகக் குறைந்த உணவுடைய ஏழை முஸ்லிம் மகளிரிடமே இச்சோகை மிக்கிருப்பதையும் அவர் கண்டார். பின்னர் 1929இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்தார். அங்கு ராபர்ட் மெக்கரிசன் உணவாராய்ச்சிக்குத் தலைவராக இருந்தார். இந்நாட்டின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டவர் அவர்; அவ்வொப்பீட்டில் சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன, சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை நலிந்தன. வில்ஸும் இம்முறையையே கைக்கொண்டார். பம்பாய் ஏழை மகளிரின் உணவையொத்த உணவைப் பெண் எலிகளுக்கு ஊட்டியபோது, அவை சூலுற்ற காலத்தில் சோகையுற்று ஈனுமுன் இறந்தன. அவ்வுணவோடு ஈஸ்ட் சேர்த்தபோது சோகை தோன்றவில்லை.

இம்முடிவு உடனே நிலைபெற்றுவிடவில்லை. எலிகளுக்குப் பேனால் பரவும் ஒரு தொற்று இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. ஆதலின் அச்சோதனையின் சான்று ஐயத்துக்கு இடமாயிற்று. வில்ஸ் குரங்குகளைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தார். ஈஸ்டினின்று செய்யப்பட்டு, ஆங்கிலேயர் ரொட்டியில் தடவி உண்ணும் மார்மைட் என்னும் மலிவான பொருளை நோயுற்ற குரங்குக்குத் தந்தபோது அது தேறியது. சூலுற்ற மகளிர்க்குத் தந்தபோதும் அவ்வாறே பயன் விளைந்தது. கல்லீரல் சாறு விலை மிக்கது. மார்மைட்டோ ஏழையர் மருத்துவமனையும் வாங்கக்கூடியது. இச்செய்தி 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

அவ்வாண்டின் தொடக்கத்தில் வில்ஸ் பணியாற்றிய இடம் சென்னையிலிருந்த சாதி, கோஷா மகளிர் மருத்துவமனை. இதன் தோற்றம் தனியே எழுதத்தக்கது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், இலண்டனில் பட்டம் பெற்று மீண்டு, ஆண் மருத்துவர்முன் வர உடன்படாத இந்து, முஸ்லிம் மகளிர்க்கென 1885இல் நிறுவியது அது. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்பது அதன் பெயராயினும், திருவல்லிக்கேணி மக்கள் வாயில் அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரியே. எழும்பூரில் 1844 முதல் வரலாறுடைய மகப்பேற்று மருத்துவமனையும், அதனோடு தொடர்புடைய ஆ. இலக்குமணசாமி முதலியார் சென்னை நகரின் மகப்பேற்று இறப்புகளைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியும் இக்காலச் சூழலை அறியத் துணைபுரிவன. அவரே பின்னர் 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்பது நம் துறையினர் அறிந்ததே.

கல்லீரலின் பண்படாத சாறு இச்சோகையைத் தீர்த்தது. தூய்மை செய்யப்பட்ட சாறு தீர்க்கவில்லை. இவ்வேறுபாட்டை 1930-களின் பிற்பகுதியில் வில்ஸ் தெளிவுறுத்தினார். தூய்மை செய்யுங்கால் நீங்கிவிடும் ஏதோ ஒரு பொருள் மருந்தாகிறது என்பது இதனால் பெறப்பட்டது. பெயர் தெரியாத அப்பொருளை அறிஞர் வில்ஸ் காரணி என்றே வழங்கினர். 1941இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நான்கு டன் பசலைக்கீரையைக் கொண்டு இப்பொருளைச் செறிவாக்கிப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். நம் வீட்டுக் கீரையிலும் அது உண்டு. நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அதன் பெரும்பகுதி போய்விடும் என்பதை மட்டும் ஈண்டுக் குறித்து அமைகிறோம்.

1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதராடை உடுத்தமையால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாது அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். அவர் உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அவரும் அந்நோயுற்றுத் தப்பினார். ஸ்ப்ரூ நோயிலும் பருவணுச் சோகை தோன்றும். ஃபோலிக் அமிலம் அதற்கும் மருந்தாயிற்று. வில்ஸ் சென்னையில் ஆராய்ந்த நோய்க்கு, சென்னையில் பயின்று உரிய பட்டம் மறுக்கப்பட்ட ஒருவர் அயல்நாட்டில் மருந்து ஆக்கினார். சுப்பாராவ் 1948இலும் வில்ஸ் 1964இலும் மறைந்தனர்.

பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர் முதலியோர் ஸ்ப்ரூவையும் சோகையையும் நெடுங்காலம் ஆராய்ந்தனர். சூலுற்ற மகளிர்க்கு நாளொன்றுக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதை அறிய, உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு டெல்லியிலும் வேலூரிலும் நடந்த ஆய்வின் முடிவு 1975இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1970இல், இந்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உண்டால், முன்னர்த் தண்டுவடக் குறையுள்ள கருவைச் சுமந்த தாய்மார்க்கு அக்குறை மீண்டும் நேர்தல் 72 விழுக்காடு குறையும் என்பதை, ஏழு நாடுகளில் 33 நிலையங்களில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 1991இல் காட்டியது. சோகையோடு தொடர்பில்லாத இப்பயன் வில்ஸ் எண்ணியிராதது.

இன்று காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் உள்ளிட்ட தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், தறிவேலை செய்பவராயினும் வயல்வேலை செய்பவராயினும், சூலுற்ற மகளிர்க்குக் கிராமச் சுகாதாரச் செவிலியர் வழங்கும் மாத்திரையில் இரும்புச்சத்து 60 மில்லிகிராமும் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் உள்ளன. நாள்தோறும் ஒன்றாக 180 நாள் உண்ணவேண்டும் என்பது விதி. இருந்தும் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் சூலுற்ற மகளிருள் 52.2 விழுக்காட்டினர் சோகையுடையர் எனக் காணப்பட்டது. மாத்திரை கையில் கிடைப்பதும் வயிற்றில் சேர்வதும் ஒன்றல்ல. குமட்டலும் மலச்சிக்கலும் கருநிற மலமும் கண்டு பலர் நிறுத்திவிடுகின்றனர். உணவை ஒட்டித் தேநீர் பருகினால் உடல் இரும்பை ஏற்பது குறையும். நெல்லி, எலுமிச்சை முதலியவற்றில் உள்ள வைட்டமின் சி அதனை ஏற்கத் துணைபுரியும். ஆதலின் மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவேண்டா எனச் செவிலியர் சொல்லி வருகின்றனர்.