தண்ணி வெடிக்கும்... அவசரப்பட்டு சுண்டாதீங்க!

செஞ்சி, தளவானூர் பக்கம் ஏரியில தூண்டில் போட்டவங்களுக்குத் தெரியும்: தக்கை முங்கினதும் சுண்டணும். அதே பழக்கத்தோட அந்தமான் கடலுக்குப் போனீங்கன்னா மீன் கைநழுவிடும்!

அங்கே பிரபலம், ‘பாப்பர்’. குட்டி மீன் வடிவத்துல மிதக்கிற போலி இரை. முகம் மட்டும் கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும். வெட்டி வெட்டி இழுத்தா தண்ணியைத் துப்பிக்கிட்டே வரும். பயந்து ஓடுற மீனுன்னு நினைச்சு, ‘ஜிடி’ங்கிற ராட்சதப் பாரை கீழிருந்து பாயும். இது ஒன்றரை மீட்டருக்கு மேலயும் வளரக்கூடியது.

எங்கே வீசணும்? பாரைக்கு, பவளத்திட்டு ஓரம் அலை உடையுற இடம். சூரைக்கு, பறவைகள் கூட்டமா கடல்ல பாயுற இடம். ஆனா, கூட்டத்துக்கு நடுவுல படகை விட்டா மீன் கலைஞ்சிடும். அது போற திசைக்கு முன்னாடி நின்னு வீசுங்க.

தண்ணி வெடிச்சதும் சுண்டாதீங்க. முதல் பாய்ச்சல்ல மீன் குறி தவறலாம். இழுத்துக்கிட்டே இருங்க, கம்புல பாரம் தெரிஞ்ச பிறகு சுண்டுங்க. முந்தினா, கொக்கியோட பாப்பர் உங்க முகத்தை நோக்கிப் பறந்து வரும். கண்ணாடி கட்டாயம்!

கொக்கி நுனியில பின்னோக்கி நீட்டியிருக்கிற சின்ன முள்ளை இடுக்கியால நசுக்கிடுங்க. லட்சத்தீவின் மினிக்காய்ல கம்பு போட்டு சூரை பிடிக்கிறவங்க கொக்கியிலயும் அந்த முள் கிடையாது. மீன் சட்டுனு கழண்டுடும். பாரையை உயிரோட திரும்ப விடவும் அதுதான் வசதி. உங்க விரல்ல குத்தினாலும் சுலபமா எடுத்துடலாம்.