டிக் போடும் கைகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குச் செக்லிஸ்ட் புதிதல்ல. மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அது வந்த வரலாற்றை நான் இந்தச் சாலையில் நின்றுதான் வாசிக்கிறேன். இரண்டு இடத்திலும் என் கேள்வி ஒன்றே: டிக் போடுகிற பெண்ணுக்கு, 'இது சரியில்லை, நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமை உண்டா?

நோயாளியின் காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் மணிக்கொரு தரம் குறித்து வைப்பது செவிலியரின் வேலை. ஆனால் காலை ரவுண்ட்ஸில் பேசுவது மருத்துவர். இதனால் என்ன நேர்ந்தது என்பதை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு நோயாளிக்கு அன்று செய்ய வேண்டியது என்ன என்பதைத் தெளிவாக அறிந்திருந்த செவிலியரும் பயிற்சி மருத்துவரும் 10 சதவீதத்துக்கும் குறைவு. அன்றைய இலக்குகளை ஒரே தாளில் எழுதி, எல்லோரும் சேர்ந்து பேசத் தொடங்கியபின் அது 95 சதவீதத்தைத் தாண்டியது.

அதே மருத்துவமனையில், பெரிய ரத்தக்குழாயில் மருந்துக்குழாய் செருகும்போது பின்பற்ற வேண்டிய ஐந்து படிகளைச் செவிலியர்கள் ஒரு மாதம் கவனித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நோயாளிகளிடம் மருத்துவர்கள் ஒரு படியையாவது விட்டிருந்தார்கள். படி தவறினால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகம் செவிலியருக்குக் கொடுத்தது. பிறகு மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது நடைமுறையானது. தொற்று பெருமளவு குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

புகழ் முழுவதும் தாளுக்குப் போனது. தாள் மட்டும் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. பிரேசிலில் 118 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரவுண்ட்ஸ் செக்லிஸ்ட்டைச் சோதித்தார்கள். மருத்துவமனை இறப்பு குறையவில்லை என்று 2016இல் முடிவு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் பிரசவத்துக்கான செக்லிஸ்ட்டால் நடைமுறைகள் மேம்பட்டன. தாய், சேய் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது 2017இல் வெளியான ஆய்வு.

அதே 2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்த தமிழ்நாட்டின் ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடினார்கள். நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒரு பெண், மருத்துவரின் கையைப் பிடித்து நிறுத்துவாளா? செக்லிஸ்ட் பற்றிய பயிற்சி வகுப்புகளில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

2021 டிசம்பரில் இந்தச் சாலை அதற்கு ஒரு பதில் சொன்னது. ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களின் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் சப்ளையர் விதிகளும் தணிக்கைகளும் அதற்கு முன்பே இருந்தவைதான். தோழிகளின் நிலை தெரியாமல் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகே, சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஆலை ஜனவரி 12 வரை திறக்கவில்லை.

அந்த விடுதியில் என்ன சரியில்லை என்பது அங்கே சாப்பிட்டுத் தூங்கியவர்களுக்குத் தணிக்கையாளருக்கு முன்பே தெரியும். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் செவிலியருக்கும் அப்படித்தான். மருத்துவ வரலாறு படிக்கும் மாணவிகள் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், அதை எழுதியவர் யார், டிக் போட்டவர் யார், மறுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று சேர்த்தே கேளுங்கள்.