காசும் கேஷும்

கெங்கவல்லி வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு விற்றவர் சந்தையில் எண்ணி வாங்குவது காசு. அதனை வங்கியில் செலுத்தும்பொழுது அது 'கேஷ்' ஆகிவிடுகின்றது. ஒலியும் பொருளும் இவ்வாறு ஒத்திருத்தலின், ஆங்கிலச் சொல் நம் காசின் திரிபே என்று மேடைகளில் முழங்குவார் உளர். வெறும் தற்செயல் என்று தள்ளுவாரும் உளர். இருசாரார் கூற்றும் பாதியே உண்மை என்பதனை ஈண்டுக் காட்டுவோம்.

காசு பழந்தமிழ்ச் சொல். கிளியின் வளைந்த அலகிலுள்ள வேப்பம்பழத்திற்குப் பொன்னணியிற் கோக்கும் காசினைக் குறுந்தொகையின் 67ஆம் பாட்டு உவமை கூறுகின்றது. சோழர் கல்வெட்டுக்களில் ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்னும் வழக்குகள் பயில்கின்றன. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்றாகவும் அஃது அமைந்தமை, அச்சொல் எத்துணை எளிதாக மக்கள் நாவில் வழங்கிற்று என்பதற்குச் சான்றாகும். கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகிய மொழிகளிலும் இது வழங்குகின்றது. வடமொழியிற் 'கர்ஷம்' என்னும் நிறைப்பெயரோடு இதனை இயைப்பர் சிலர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஊறு நேராது.

இனி, ஆங்கிலத்தைப் பார்ப்போம். வங்கியிற் காணும் 'கேஷ்' முதலிற் பணத்தைக் குறித்ததன்று, பணப்பெட்டியைக் குறித்தது. இலத்தீனில் 'காப்சா' என்பது பெட்டி. அதுவே இத்தாலியத்திற் 'காஸா' ஆயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, பெட்டியின் பெயர் அதனுள் இருந்த ரொக்கத்திற்கு ஆயிற்று. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். பாச்சியோலி 1494இல் வெனிசு நகரில் வெளியிட்ட கணக்கியல் நூலிலேயே 'காஸா' ரொக்கக் கணக்கின் பெயராக இடம்பெற்றுள்ளது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததோ 1498இல். ஆகவே இச்சொல்லுக்குத் தமிழைத் தாயாக்குதல் இயலாது. பெட்டியைக் காப்பவர் 'கேஷியர்'. ஆனால், படைத்தலைவனைப் பதவியினின்று நீக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினை முற்றிலும் வேறு. செல்லாததாக்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லினின்று டச்சு வழியாக வந்தது.

எனினும், ஆங்கில அகராதியில் மற்றுமொரு 'கேஷ்' தனிச்சொல்லாக நிற்கின்றது. சிறு நாணயம் என்பது அதன் பொருள். அதன் மூலம் நம் காசே. போர்ச்சுகீசியர் தம் மொழியிற் பெட்டியைக் 'காய்ஷா' என்பர். இங்கு வந்து காசு என்னும் சொல்லைக் கேட்டவர்கள், பழகிய அவ்வொலியிலேயே அதனை வழங்கினர். ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பெற்றுக் 'கேஷ்' என்றனர். இவ்வாறு பிறப்பால் வேறான இரு சொற்கள் ஒரே வடிவம் எய்தின. தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னலும் யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கில-இந்தியச் சொற்றொகுதி இதனை விளக்குகின்றது.

சென்னைக் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையாற் சேலம் நாடு திப்பு சுல்தானிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது. கும்பினியார் செப்புக்காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோகோ அக்கசாலையில் அடிப்பித்தனர். 1808ஆம் ஆண்டு பொறித்த பத்துக்காசு, இருபதுக்காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மோதி அழிந்தது. 1980களில் முக்குளிப்போர் அவற்றைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தனர். இருபதுக்காசின் ஒருபுறத்தில் அதன் மதிப்பு பாரசீக எழுத்தில் உள்ளது. அங்கும் காசின் பெயர் 'காஸ்' என்றே காணப்படுகின்றது.

இதனினும் வியப்புடையது சீனச் செய்தி. நடுவே சதுரத் துளையிட்டுக் கயிற்றிற் கோத்த செப்பு நாணயத்தைச் சீனர் 'சியென்' என்பர். போர்ச்சுகீசியரும் அவர்வழி ஆங்கிலேயரும் அதற்கும் காசின் பெயரையே இட்டனர். சீனப் பழநாணயங்களை ஆராயும் ஆங்கில நூல்கள் இன்றளவும் அவற்றைக் 'கேஷ்' என்றே வழங்குகின்றன. தமிழின் கொடையைத் தேடுவார் வங்கியின் பெட்டியை விடுத்து இங்குத் தேடுதல் தகும்.

கும்பினியார் 1818இல் வெள்ளி உரூபாயைத் தலைமை நாணயமாக்கினர். காசுக்கணக்கு அதன்பின் சென்னை மாகாணத்தில் தேய்ந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்னும் கணக்கு 1949 வரையிலும், புதுக்கோட்டையில் அம்மன் காசு 1948 வரையிலும் வழக்கில் இருந்தன.